நாலாம் பாகத்தில் சாரமில்லை என்று சொன்ன பையன்

கரமனை,
திருவனந்தபுரம்.
மார்ச், 2005.

சிரஞ்சீவி வெங்கடேஸ்வரனுக்கு, அண்ணா நீலகண்டன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான் க்ஷேமம். ஸ்மிதா க்ஷேமம். உன் மன்னி ஜெயலக்ஷ்மி க்ஷேமமாக இருப்பதாக ஸ்மிதா மூலமாகத் தெரியவருகிறது. அங்கே மாம்பலத்தில் நீயும் உன் ஆத்துக்காரியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கவும், உங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் நேரத்துக்கு வரவும் பத்மநாபசுவாமி அருள் புரியட்டும்.

நிற்க. நேற்று நீ போனில் கத்தின கத்தல் ரிசீவரை விட்டு வெளியே வந்து கூடம் முழுக்கக் கேட்டது. உன் மன்னி அதற்குத் தலையாட்டிக்கொண்டே முருங்கைக்காய் நறுக்கினாள். "ஒரு கம்ப்யூட்டர் வெளையாட்டுக்காக நல்ல சம்பந்தத்த யாராவது முறிப்பாளாண்ணா? நோக்கு மூளை கீளை கலங்கிப் போச்சா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்ல வாயெடுத்தால், ஒரு நிமிஷம், மன்னிகிட்ட குடு என்றாய். போனில் உன்னோடு பேசி நான் என்றைக்கும் ஜெயித்ததில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் நான் பையன் ஆத்துக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்காவிட்டால் அவர்கள் ஆலப்புழையில் வேறு பெண்ணைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்கிறாய். போகட்டும். ஆலப்புழையிலும் நல்ல பெண்கள் இருப்பார்கள். அவர்களுடைய அப்பாக்களுக்கு ஆர்டன்மியர் நாலாம் பாகம் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. எல்லோருக்கும் சௌகரியம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கேட்டியா. இந்த வரனைக் கொண்டுவந்தவன் நீ. பையன் ஹரிநாராயணன், கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் கம்பெனி. நம் ஸ்மிதா வேலை பார்க்கிற கட்டிடத்துக்கு எதிர்க் கட்டிடம். ஒரே கான்டீனில்தான் சாப்பிடுகிறார்களாம், ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்று இரண்டு பேரும் சொல்கிறார்கள், நம்பிவிட்டோம். பையனின் அம்மா சாவித்ரி உன் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஜாதகம் பொருந்தியாயிற்று. எல்லாம் சரி. போனை வைக்கிறதுக்கு முன்னால் நீ ஒன்று சொன்னாய் பார், அங்கேதான் சனி பிடித்தது. "அவாத்துல சுத்தமான தமிழ்தான் பேசுவாளாம். மலையாளம் கலந்தா பிடிக்காதாம். நீங்கள்லாம் வாயத் தொறந்தா பாதி மலையாளம், கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்கோ" என்றாய்.

உடனே உன் மன்னி சட்டம் போட்டுவிட்டாள். அவர்கள் வந்துவிட்டுப் போகிற வரைக்கும் இந்த வீட்டில் ஒரு மலையாள வார்த்தை காதில் விழக்கூடாது. பழக்கம் வருவதற்காக வியாழக்கிழமையே ஆரம்பித்தோம். நாலு தலைமுறையாகக் கரமனையில் இருக்கிற குடும்பத்துக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று மாம்பலத்தில் உட்கார்ந்துகொண்டு நீ அறியமாட்டாய். நான் 'வெறுதே' என்று ஆரம்பிப்பேன், உன் மன்னி கரண்டியோடு திரும்புவாள், 'சும்மா' என்று முடிப்பேன். ஸ்மிதா இந்த வம்பே வேண்டாமென்று இரண்டு நாள் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். உன் மன்னி பால்காரனிடமே செந்தமிழில் பேச, அவன் பயந்துபோய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மைக்கு எந்து பற்றி சாமி, என்ன ஆச்சு, ஆசுபத்திரில காட்டினீங்களா?" என்று விசாரித்தான். இப்படி மூன்று நாள் பயிற்சி எடுத்ததில், காதில் எது விழுந்தாலும் தமிழ்தானா என்று சோதித்துவிட்டே உள்ளே விடுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வாசற்படி ஏறவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கிற யு.பி.எஸ். கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. சாவித்ரி மாமி செருப்பைக் கழற்றாமல் நின்று, "உள்ள யாரு விசிலடிக்கறா?" என்றாள். மாமியின் ஆத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுஷர் கடைசி வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, பஜ்ஜியை மட்டும் கவனித்துக்கொண்டார், அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. மாமி உட்கார்ந்தாள், விசிறிக்கொண்டாள். "மூணு தலைமுறையா இந்த ஊர்ல இருக்கோம், ஆனா எங்காத்துக்குள்ள ஒரு மலையாள வார்த்தை நுழைஞ்சதில்ல, பாத்துக்கோங்கோ. என்னமாப் புழுங்கறது. கொறச்சு வெள்ளம் தரேளா?" என்றாள். கொறச்சு என்றால் கொஞ்சம், வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா. முப்பது வருஷம் தண்ணீர் டிபார்ட்மெண்டில் இன்ஜினீயராகக் குப்பை கொட்டினவன் நான். வெள்ளத்தை டம்ளரில் கேட்ட முதல் ஆள் இவள்தான் என்று நினைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். உன் மன்னி என் பக்கமே திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம், சம்பந்தம் அங்கேயே முடிந்திருக்கும்.

கரண்ட் வந்தது. கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டர் மேல் பையன் கண் விழுந்தது. உன் மன்னி பழைய பட்டுப்புடவையில் அதற்கு ஜரிகைக் கரை வைத்து உறை தைத்திருக்கிறாள், புதிதாக வருகிறவர்கள் ஏதோ அம்மன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "அதுல கேம்ஸ் ஏதாவது உண்டா மாமா?" என்று கேட்டான். பேச ஒன்றும் அகப்படாமல் கேட்டிருப்பான். "ஆர்டன்மியர் அஞ்சு பாகமும் இருக்கு" என்றேன். வெங்கடேசா, அப்போது நீ அந்தப் பையன் முகத்தைப் பார்க்கணும். அதுவரை ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தவன் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டான். "அய்யோ மாமா, ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு எல்லாம் நான் முடிச்சிருக்கேன்" என்றான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்த நிமிஷம் கேட்டிருந்தால் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருப்பேன். ஆனால் அவன் சொன்னதில் நாலைக் காணோம்.

உனக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்டன்மியர் என்பது ஒரு தேசம். வெள்ளைக்காரன் கற்பனையில் கட்டினது. டிராகன், மந்திரவாதி, ராஜகுமாரி, காட்டுக்குள் குள்ள மனுஷர்கள் எல்லாம் உண்டு. நாம் ஒரு வீரனாகப் பிறந்து, ஊர் ஊராக நடந்து, கேட்டவர்களுக்கு உபகாரம் பண்ணி, கெட்டவர்களை அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏறிக் கடைசியில் பெரிய டிராகனைக் கொல்ல வேண்டும். ஒரு பாகம் முடிக்க மாதக்கணக்காகும். முதல் பாகத்தில் பாதாள அறை, கதவைத் திறந்தால் இன்னொரு கதவு, அதைத் திறந்தால் அடி. இரண்டாம் பாகத்தில் அதே அடி, வாள் மட்டும் பெரிசு. மூன்றாம் பாகத்தில் ஒரு ராஜகுமாரி வருகிறாள், அவள் உடுத்திக்கொண்டிருக்கிற லட்சணத்துக்குப் பெண் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. ஐந்தாம் பாகத்தில் பேசுகிற குதிரை, அது பறக்கிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதே பாகத்தில் ஓர் அருவி கீழேயிருந்து மேலே விழுகிறது. மேலே விழுகிறது என்று எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்த ஐந்தாம் பாகத்தைத்தான் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

நாலாம் பாகம் அப்படியில்லை. அதில் முதல் காட்சியிலேயே டிராகன் செத்துக் கிடக்கிறது, யாரும் கொல்லவில்லை, வயசாகிச் செத்துப்போயிற்று. தேசத்தின் கஷ்டம் வேறே. ஆறு வறண்டுவிட்டது. மலையிலிருந்து கடல் வரைக்கும் வழியில் உள்ள மதகெல்லாம் துருப்பிடித்து மூடிக் கிடக்கிறது. நாம் போய் ஒவ்வொன்றாகத் திறக்கணும். வாள் உண்டு, ஆனால் அதனால் ஒருத்தனையும் வெட்டுவதில்லை, மதகுச் சக்கரத்தை நெம்பத்தான் வாள். வரிசை தப்பித் திறந்தால் கீழே இருக்கிற ஊர் முங்கிப்போகும், ஆடு மாடெல்லாம் மிதக்கும், ஊர்க்காரர்கள் நம்மோடு பேசமாட்டார்கள். மேலிடத்து உத்தரவு இல்லாமல் திறக்கமாட்டேன் என்று நம்மைத் திரும்பத் திரும்ப மலையிறக்கி அனுப்புகிற ஒரு மதகுக் காவல்காரன் வருகிறான், அவனைப் பார்த்ததும் என் சர்வீஸ் முழுக்க எனக்கு ஞாபகம் வந்தது. அஞ்சு பாகத்தில் தண்ணீர் மேலேயிருந்து கீழே ஓடுகிற பாகம் இது ஒன்றுதான், கேட்டியா. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரன், பெயர் எதற்கு, அஞ்சையும் வரிசைப்படுத்தி, நாலைக் கடைசியில் தள்ளி, 'குழாய் திறக்கிற விளையாட்டு' என்று ஒரே வரியில் முடித்திருந்தான். நான் ஆசிரியருக்கு எட்டுப் பக்கம் மறுப்பு எழுதி அனுப்பினேன். போட்டார்கள். நகைச்சுவைப் பகுதியில் போட்டார்கள்.

பையனிடம், "நாலு?" என்று கேட்டேன். "அது எங்கயும் கிடைக்கலை மாமா" என்றான். கிடைக்காததில் ஆச்சரியமில்லை, கடைக்காரனே கூடையில் போட்டு ஒதுக்கின சரக்கு அது. இதோ காட்டறேன் என்று எழுந்து போய், உறையை விலக்கி, சி.டி.யைப் போட்டேன். டிரைவ் கொஞ்ச நேரம் கரகரவென்று இருமிற்று. முதல் படம் வந்தது, பாதி ஆறு தெரிந்தது, அப்படியே உறைந்துபோயிற்று. அணைத்துப் போட்டேன். மறுபடியும் பாதி ஆறு. சி.டி.யை எடுத்து வேஷ்டித் தலைப்பால் துடைத்துப் போட்டேன். பெட்டியைப் பக்கவாட்டில் தட்டினேன். உன் மன்னி, சொஜ்ஜி ஆறிப்போறது என்றாள். எனக்கு வேர்த்து ஊற்றுகிறது, எல்லோரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆறு நகரமாட்டேன் என்கிறது. அப்போது பையன் பின்னாலிருந்து சொன்னான், "சாரமில்ல மாமா."

சிரித்துக்கொண்டே சொன்னான். சாரமில்லை. நாலாம் பாகத்தைக் கண்ணால் கண்டதில்லை, கையால் தொட்டதில்லை, பாதி ஆற்றைப் பார்த்துவிட்டுச் சாரமில்லை என்கிறான். அதுவும் என்னிடம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பாய். தொண்ணூத்தேழில் ஸ்மிதாவுக்கு மஞ்சள்காமாலை வந்ததே, நினைவிருக்கா. ஒன்பதாம் கிளாஸ். நான் அப்போது மலை மேலே அணைக்கட்டு வேலையில் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வருவேன், திங்கட்கிழமை விடிகாலை தம்பானூரில் பஸ் பிடித்துவிடுவேன். குழந்தைக்கு நான் வாராவாரம் துணிப்பையோடு வந்து போகிற யாரோ ஒரு மாமா. "அப்பா இன்னும் ஒரு தோசை போட்டுக்கறாரான்னு அம்மா கேக்கச் சொன்னா." அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அது ஒன்றும் சண்டையில்லை, கோபமில்லை, பேச ஒரு விஷயம் இல்லை, அவ்வளவுதான். காமாலை என்றதும் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தேன். வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது உன் மன்னி டிபார்ட்மெண்ட், உப்பில்லாத கஞ்சியும் அவள் டிபார்ட்மெண்ட். நான் பேப்பரை மடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன், போறும் நடந்தது, போய் மல்லி வாங்கிண்டு வாங்கோ என்று ஆரியசாலைக்கு அனுப்பிவிட்டாள்.

அங்கே மல்லி மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிற கோலப்பனை உனக்குத் தெரியும். அவன் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சி.டி.யெல்லாம் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தான். ஒன்றுதான் மீதி. "சாமி, மத்ததெல்லாம் பயலுவ அடிச்சுப் பிடிச்சு எடுத்துட்டுப் போயாச்சு. இது ஒருத்தனுக்கும் வேண்டாம். ஒம்ம மவ சீக்கா கெடக்கான்னு சொன்னீரே, கொண்டு போய்க் குடும். பைசா ஒண்ணும் தராண்டாம்" என்றான். அதுதான் நாலாம் பாகம். மல்லிக்குக் கொசுறாக வந்தது. இன்றைக்கும் அந்த உறையைத் திறந்தால் சாம்பார் வாசனை வரும்.

குழந்தை கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அதை விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலப் பேப்பரோடு பின்னால் நடந்துகொண்டிருந்தேன். பார்த்தால், மலை உச்சி மதகைத் திறக்கப் போகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. "மேல் மதகை மொதல்ல தொறக்கப்படாது. கீழ இருக்கறதத் தொறந்து தண்ணி போறதுக்கு வழி பண்ணிட்டுத்தான் மேல வரணும்" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "அப்பாக்கு இதெல்லாம் அறியுமோ?" என்றாள். "இதுதானேடி என் வேலை" என்றேன். வெங்கடேசா, அந்தக் குழந்தை ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பதினாலு வயசு வரைக்கும் அவள் எனக்காக நகர்ந்ததில்லை. பாதி ஸ்டூலில் அவள், பாதி ஸ்டூலில் நான், லீவு முழுக்க அப்படியே ஒரு பக்கமாக உட்கார்ந்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவள் இங்கிலீஷ் படித்துச் சொல்வாள், நான் மதகு வரிசை சொல்வேன். ஷட்டர் என்றால் என்ன, கலுங்கு என்றால் என்ன, மழைக்காலத்தில் நான் மலை மேலே ராப்பகலாக என்னதான் செய்கிறேன் என்று முதல் தடவையாகக் கேட்டாள். நானும் சொன்னேன், கேட்க ஆளிருந்தால் சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

கடைசி மதகு திறந்த அன்னிக்குத் தண்ணி வந்தது. அவ்வளவுதான். பரிசு இல்லை, பாட்டு இல்லை, ராஜகுமாரி இல்லை. காஞ்ச மணல் மேல மெள்ள மெள்ள வளைஞ்சு வளைஞ்சு, ஒவ்வொரு ஊரா நனைச்சுண்டு, கடல் வரைக்கும் போறது. சலசலன்னு சத்தம் மட்டும். நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்காம பாத்துண்டே இருக்கோம். அடுக்களைலேந்து உன் மன்னி, "யாரு குழாயத் தொறந்து விட்டுட்டு உக்காந்திண்டிருக்கறது? டாங்க் காலியாயிடும்" என்று கத்தினாள். குழந்தை வயத்தப் பிடிச்சுண்டு சிரிச்சா. மஞ்சள் பூத்த கண்ணோட சிரிச்சு சிரிச்சு என் தோள்ல சாஞ்சுண்டா. இதுக்குத்தான் அந்தப் பிள்ளை சாரமில்லைன்னு சொல்றான்.

ஆகவே அவனுக்கு நான் விளக்கினேன். கொஞ்சம் நீளமாகத்தான் விளக்கினேன், ஒத்துக்கொள்கிறேன். பஜ்ஜித் தட்டு ஆறு, டபரா அணை, கரண்டி மதகு என்று வைத்துச் சட்னியை ஓடவிட்டுக் காண்பித்தேன். சாவித்ரி மாமி, "பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்றாள். "பாட்டு அப்பறம் மாமி, மொதல்ல அஞ்சாம் பாகத்து அருவிக்கு இவர் ஒரு பதில் சொல்லட்டும்" என்றேன். பையன், "மாமா, நான் என்ன சொன்னேன்னா" என்று ஆரம்பித்தான். நான் விடவில்லை. மறுபடியும், "இல்ல மாமா, அது வந்து" என்றான். அதற்கும் விடவில்லை. உள்வாசலில் ஸ்மிதா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், தோளெல்லாம் குலுங்கிற்று. என் பெண் அழுகிறாள் என்று பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "நாலாம் பாகத்துல சாரமில்லைன்னு சொல்றவனுக்கு என் பொண்ணைக் குடுக்கறதா இல்லை" என்று சொல்லிவிட்டேன். மாமி எழுந்தாள். பையன் எழுந்தான். மாமியின் ஆத்துக்காரர் கடைசி பஜ்ஜியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்றிலிருந்து உன் மன்னி என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. நேற்று சாப்பாட்டில், "ஸ்மிதா, அப்பாட்ட சொல்லு, இன்னிக்கு ரசத்துல சாரமில்ல, நாலாம் பாகம்னு நெனச்சுண்டு சாப்பிடச் சொல்லு" என்றாள். நான் சாப்பிட்டேன், ரசம் நன்றாகத்தான் இருந்தது. ஸ்மிதாவோ ஆபீஸ் விட்டு வந்ததும் மொட்டைமாடிக்குப் போய் மொபைலில் யாரோ சிநேகிதியிடம் மலையாளத்தில் பேசிக்கொண்டே இருக்கிறாள், நடுநடுவே சிரிக்கிறாள். அவமானப்பட்ட பெண் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறாள் என்று நானும் தொந்தரவு செய்யவில்லை.

ஆதலால் வெங்கடேஸ்வரா, என் முடிவு இது. நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அந்தப் பையன் இங்கே வரட்டும், நாலாம் பாகத்தை முதலிலிருந்து கடைசி மதகு வரைக்கும் என் கண்ணெதிரே விளையாடட்டும், தண்ணீர் கடலுக்குப் போவதைப் பார்க்கட்டும், அதன் பிறகும் சாரமில்லை என்று சொல்ல அவனுக்கு மனசு வந்தால் சொல்லட்டும். ஊரே ஒதுக்கினதை எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வான் என்று நீயே யோசித்துப் பார். உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். பெரியவனைத் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லு, போட்டோவில் பார்த்தால் சதை போட்டிருக்கிறான். எல்லோரும் நூறு வயசு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பிடிவாதத்தில் நம் அப்பாவுக்குக் கொஞ்சமும் குறையாத
உன் அண்ணா,
நீலகண்டன்.

பி.கு. கவரை ஒட்டக் கோந்து எடுத்துண்டு வாடி என்று ஸ்மிதாவைக் கூப்பிட்டேன். வந்தவள் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா, அவர் சொன்னது மலையாளம். சி.டி. ஓடலியேன்னு நீங்க வேர்த்துக் கொட்டிண்டு நிக்கறேள், 'பரவால்ல மாமா'ன்னு சொல்ல வந்து வாய் தவறி 'சாரமில்ல'ன்னுட்டார். சாவித்ரி மாமியோட வெள்ளம் புரிஞ்சுது, மாமி பிள்ளையோட சாரமில்ல புரியலையா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பொறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் நானே தினமும் சொல்கிற வார்த்தை அது. மூன்று நாள் தமிழ் தமிழ் என்று காதைத் தீட்டி வைத்ததில் வந்த வினை. "இதெல்லாம் நோக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "அவரேதான் சொன்னார். தினம் பேசறோமே" என்றாள். மொட்டைமாடி சிநேகிதி யார் என்று இப்போது உனக்கும் புரிந்திருக்கும். அன்றைக்கு உள்வாசலில் தோள் குலுங்கினதும் அழுகையில்லையாம்.

சரி, நீயாவது அவனுக்கு நாலாம் பாகத்தைப் பத்தி எடுத்துச் சொல்லு என்றேன். "அப்பா, கோச்சுக்கப்படாது. நாலாம் பாகத்துல நெஜமாவே சாரமில்ல. தமிழ்லதான் சொல்றேன்" என்றா. "பின்னே ஏண்டி அத முடிச்சப்பறமும் வருஷா வருஷம் எடுத்துப் போட்டே?" என்று கேட்டேன். "மத்த பாகமெல்லாம் வாங்கினதும் போட்டுப் பாத்தேனே. ஒண்ணுல சண்டை வந்தா நீங்க பேப்பர் படிக்கப் போயிடுவேள். மூணுல ராஜகுமாரி வந்தா எழுந்து போயிடுவேள். அஞ்சுல அந்த அருவியப் பாத்துத் திட்டிண்டே போயிட்டேள். நாலுலதான் எழுந்திருக்காம பக்கத்துல உக்காந்திண்டிருந்தேள்" என்றா.

மேலே எழுதினது ஒன்றையும் நீ கணக்கில் எடுத்துக்காதே. நாளைக் காலம்பற நானே சாவித்ரி மாமி ஆத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வரேன். ஒரு உபகாரம் மட்டும் நீ பண்ணணும். ஆறாம் பாகம் ஆடி மாசம் வெளிவரதாம், பையன்தான் ஸ்மிதாட்ட சொல்லியிருக்கான். கல்யாணத்த ஆவணிக்கு அப்பறம் வெச்சுக்கலாம்னு உன் மாமியார் வழியா மெள்ளச் சொல்லு, காரணம் கேட்டா ஜாதகத்து மேல பழியப் போட்டுடு. ஆறாம் பாகத்துல மதகே இல்லைன்னாலும் சரி, ராஜகுமாரியே வந்து நின்னாலும் சரி, இந்தத் தடவை நான் எழுந்து போகப் போறதில்லை.